வெற்றிலை மெல்லும் நேரம்

இல்லை கண்ணு, உன் கல்யாணத்தை உடைக்க நான் கோடாலி எதுவும் தூக்கவில்லை. "ஊருக்கெல்லாம் வாக்கு வாக்குன்னு சொன்ன வாயிதானுங்களே இது? சொந்தப் பையனுக்கு வந்தா மட்டும் வேற மாதிரிப் பேசுமா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பஸ் ஏறிவிட்டாய். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தும் என் பக்கம் திரும்பவில்லை. மூன்று நாள் பொறுத்து ஏற்காடு பஜாருக்குப் போய், பூத்தில் நின்று உன் கம்பெனிக்குப் போன் போட்டேன். "பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு, இனி அந்தப் பேச்சே எடுக்காதீங்க" என்று பட்டென்று வைத்துவிட்டாய். பூத்துக்காரன் என் முகத்தைப் பார்த்தான். "ஏனுங்க கவுண்டரே, சண்டையெல்லாம் லெட்டர்ல போடுங்க. அதுல நடுவுல யாரும் கட் பண்ண முடியாதுங்க" என்றான். நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. கிழித்துப் போடுவதானாலும் முழுசாகப் படித்துவிட்டுக் கிழி.

நான் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அதனால் நான் சொல்லச் சொல்ல உன் அம்மா எழுதுகிறாள். அவள் ஆஸ்டலில் தங்கி எட்டாவது வரை படித்தவள் அல்லவா, நான் ஊடு என்றால் வீடு என்று போடுகிறாள், நொம்ப என்றால் ரொம்ப என்று போடுகிறாள். "நான் பேசற மாதிரியே எழுது புள்ள" என்றேன். "பையன் பத்துப் பேரு இருக்கற ரூம்ல வெச்சுப் படிப்பானுங்க, மானம் போயிரும்" என்கிறாள். சரி. எழுத்து அவளுடையது, வாய் என்னுடையது. கோபப்படுவதானால் வாயின்மேல் படு.

முதலில் பரிசம் போட்ட அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். நீ திருப்பூரில் பனியன் மெஷினோடு எட்டு வருஷம் இருந்துவிட்டாய், நம் மலை வழக்கம் மறந்திருக்கும். பரிசத் தட்டுக்கு முன்னால் பெண்ணை நிற்க வைத்து, பெண்ணின் ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் அவளை மூன்று தரம் கேட்க வேண்டும். "இந்த ஊட்டுக்குப் போக உனக்குச் சம்மதமா அம்மிணி?" என்று ஒரு தரம் கேட்டுவிட்டு, ஒரு வெற்றிலையை எடுத்து, காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, வாயில் போட்டு, மென்று முடிக்க வேண்டும். அதுவரைக்கும் கூட்டத்தில் யாரும் மூச்சு விடக் கூடாது. அந்த நேரம் அவளுக்குச் சொந்தம். இல்லை என்று சொல்ல நினைத்தால் அவள் அப்போது சொல்லலாம். சொன்னால் பெற்றவன்கூட அவளை ஒரு வார்த்தை கேட்க முடியாது. பிறகு இரண்டாம் தரம், இன்னொரு வெற்றிலை. பிறகு மூன்றாவது. மூன்று வெற்றிலையும் தீர்ந்து அவள் வாய் திறக்கவில்லை என்றால் சம்மதம் என்று அர்த்தம். நம் முன்னோர்கள் பெண்பிள்ளைக்கு விட்டு வைத்தது அந்த மூன்று வெற்றிலை நேரம்தான். அதையும் திருடுகிறவன் இருக்கிறான் சாமி.

உனக்குப் பேசிய மல்லிகாவின் ஊரில் அன்றைக்குச் சரியான மழை. அவர்கள் ஊர்க்கவுண்டருக்குச் சேலம் போகிற கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். மூன்று வெற்றிலையையும் ஒன்றாகச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு, ஒரே மூச்சில் மூன்று தரம் கேட்டார். நீ அப்போது போட்டோக்காரன் பக்கம் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாய். நான் உன் மாமனார் தலைக்கு அடித்திருந்த மை மழையில் காதோரம் இறங்குவதைப் பற்றி அவரிடமே கிண்டல் பேசிக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டே திரும்பினேன். அந்தப் பிள்ளையின் உதடு பிரிந்தது. என்னவோ சொல்ல வந்தாள். கவுண்டர் "சம்மதம்!" என்று தட்டைத் தூக்கிவிட்டார். உதடு மூடிக்கொண்டது. அந்த இடத்திலேயே நான் கையைத் தூக்கி நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. மறுநாள் காலையில் உன்னிடம், "நேராப் போயி அந்தப் புள்ளைய நீயே ஒரு தரம் கேளு" என்றேன். அதற்குத்தான் நீ அப்படிக் குதித்தாய். "மூணு தரம் கேட்டாச்சே, நாலாவது தரம் நான் என்ன கேக்கறது?" என்றாய். நியாயமான கேள்விதான். ஆனால் உதடு பிரிந்து மூடியதை நான் பார்ப்பது அது முதல் தரம் இல்லை கண்ணு. அந்தக் கவுண்டராவது பஸ்ஸுக்காக அப்படிச் செய்தார். நான் செய்தது எதற்காக என்று கேள்.

உன் தாத்தா கட்டிலில் விழுந்த பத்தாம் நாள் போய்ச் சேர்ந்தார். எனக்கு இருபத்தேழு வயது. துக்கம் கேட்க வந்தவர்கள் காபி குடித்து முடிப்பதற்குள் ஊர்க்கவுண்டர் தலைப்பாகையை என் தலையில் கட்டிவிட்டார்கள். தலைப்பாகை கட்டினால் அதோடு கூட வருவது என்னவென்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. தீராத வேலித் தகராறு வரும், திருவிழா வேலை வரும், எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டரிடம் போய் நம் ஆட்களுக்காகக் கை கட்டி நிற்கிற வேலை வரும். எல்லாவற்றையும்விடக் கனமாக, அப்பன் கையில் வாங்கி வைத்திருந்த வாக்கெல்லாம் மகன் கைக்கு வரும். நம் மலையில் இரண்டு குடும்பம் பெண் கொடுக்க எடுக்கப் பேசினால் அந்த வாக்கை ஊர்க்கவுண்டர் கையில்தான் வைப்பார்கள். அது முறிந்தால் முறிந்தது அவர் கை. அப்படி உன் தாத்தா கையில் வைத்த வாக்கில் ஒன்று, செவந்தி என்கிற பெண்ணுடையது. நம் வீட்டுக்குக் கீழே, ஓடைக்கு அந்தப் பக்கம் அவள் வீடு. ஏழு வயதிலேயே அவளுடைய மாமன் மகன் பெரியண்ணன் என்கிறவனுக்கு என்று பேசி வைத்துவிட்டார்கள். அவன் மலைக்கு அந்தப் பக்கத்து ஊர். நல்ல பையன், அதிகம் பேசாதவன்.

உன் அம்மா பேனாவை ஒரு நொடி நிறுத்திவிட்டு மறுபடி எழுதுகிறாள். செவந்தி என்ற பெயர் அவளுக்குத் தெரியும். இந்த மலையில் மிளகு காய்க்காமல் இருக்கும், பேச்சு காய்க்காமல் இருக்காது.

நான் உட்கார்ந்து சொன்ன முதல் தீர்ப்பு ஒரு பலா மரத்துக்கு. அண்ணன் தம்பி இரண்டு பேர். மரம் நடு வரப்பில். இந்த வருஷம் பழத்தை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று பெரிய மனுஷன் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டு சொல்லிவிட்டு வந்தேன். ஓடையில் குடம் வைத்துக்கொண்டிருந்த செவந்தி, தலையைக் குனிந்து பெரிய மரியாதையோடு, "ஏனுங்க கவுண்டரே, பழத்த ரெண்டாப் பொளந்துட்டீங்க. கொட்டை யாருக்குங்க?" என்றாள். "கொட்டையக் கவுண்டனுக்குக் கொண்டாரச் சொல்லியிருக்கேன், சுட்டுத் திங்க" என்றேன். "அப்ப உங்க தீர்ப்புக்கு வெறகும் வேணுமுங்களாட்ட இருக்குது" என்றாள். அவ்வளவுதான். எனக்கு ஊரில் எல்லாரையும் கிண்டல் செய்து பழக்கம். என்னைத் திருப்பிக் கிண்டல் செய்ய அதுவரை ஆள் இல்லை. அதற்குப் பிறகு ஓடைக்கு நான் அடிக்கடி கை கழுவப் போனேன். ஒரு நாளைக்கு நாலு தரம் கை கழுவுகிற கவுண்டரை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை.

முறைக்கு ஆகாத பெண்ணாக இருந்திருந்தால் மனசு தானாக அடங்கியிருக்கும். அவள் எனக்கு முறைக்கு ஆகிறவள்தான். அதுதான் வம்பு. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு நம் ஊர்க் காணிக்கையைத் தூக்கிக்கொண்டு போனோம். உள்ளே குகை எவ்வளவு தாழ்வு என்று உனக்குத் தெரியும், கவுண்டராக இருந்தாலும் குனியாமல் சாமி பார்க்க முடியாது. கூட்ட நெரிசலில் எனக்குப் பின்னால் அவள் வந்துவிட்டாள். வழுக்காமல் இருக்கப் பாறையில் கை வைத்தேன். பக்கத்தில் அவள் கை. நடுவில் ஒரு விரல் அளவு ஈரப் பாறை. "கை பட்டா ஊரு அபராதம் போடுமுங்களா?" என்று காதுக்குள் கேட்டாள். "போடும்." "யாருக்குங்க?" "புள்ளைக்கு ஒரு பங்கு, கவுண்டனுக்கு ரெண்டு பங்கு." "அப்ப நான் எடுத்துக்கறனுங்க, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு" என்று கையை எடுத்துக்கொண்டாள். வெளியே வந்து மூடுபனியில் நின்றபோதும் அந்த ஒரு விரல் அளவு இடம் என் உள்ளங்கையில் குளிராகவே இருந்தது. தொடவில்லை கண்ணு. அது உண்மை. தொடாததைப் பெருமையாக நினைத்தேன். அதுவும் உண்மை.

அந்த வருஷம் காபிப் பழம் பறித்து முடிகிற சமயம், களத்தில் கொட்டை காயப் போட்டிருந்தார்கள். நான் எஸ்டேட்டுக்கு ரைட்டரைப் பார்க்கப் போனேன். நடுப்பகல். அவள் பலகையால் கொட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தாள். தள்ளிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அடுத்த மாசம் பரிசம்னு பேசிக்கறாங்க" என்றாள். "ஆமா, எங்கிட்டயும் சொன்னாங்க." "அந்த வாக்கு உங்க கையிலதானுங்களே இருக்குது? அதக் கொஞ்சம் எறக்கி வெக்க மாட்டீங்களா? இந்த மலையில அதச் செய்யற அதிகாரம் ஒரே ஆளுக்குத்தானுங்க இருக்குது." நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம். "எறக்கி வெச்சுட்டா என் கை சும்மா இருக்குமே, அதுல எதப் புடிக்கறது?" என்று இளித்தேன். அவள் சிரிக்கவில்லை. பலகையை நிறுத்திவிட்டு, "நான் வெளையாடலீங்க" என்றாள். அவள் குரலில் கேலி துளியும் இல்லாமல் நான் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தரம்.

அப்போதுதான் எனக்குத் தலைப்பாகை ஞாபகம் வந்தது. "நான் வாக்க எறக்கி வெச்சுட்டு நாளைக்கு உன்னையவே கட்டிக்கிட்டன்னு வெய்யி. பலாப்பழத்துக்குத் தீர்ப்புச் சொல்ல வந்தவன் பழத்தத் தூக்கிட்டுப் போயிட்டான்னு சொல்ல மாட்டாங்களா? அப்பறம் இந்த மலையில எவன் வாக்கு எவன் கையில நிக்கும்?" என்றேன். நன்றாகத்தான் பேசினேன். இன்றைக்குக் கேட்டாலும் அதில் ஒரு பிசகு சொல்ல முடியாது. அதுதான் பிசகு. அவள் காலடியில் சிதறிய கொட்டையைக் காலால் ஒதுக்கினாள். "சரிங்க. பரிசத்தன்னிக்கு என்னைய மூணு தரம் கேப்பீங்கல்ல? அப்ப நான் சொல்லிக்கறேன்." "என்ன சொல்லுவே?" "கேக்கறப்பச் சொல்றனுங்க" என்று பலகையை எடுத்துத் தள்ள ஆரம்பித்துவிட்டாள்.

அந்த ஒரு மாசமும் எனக்கு அவள் இல்லை என்று சொல்லிவிடுவாள் என்று பயம். சபையில் ஏன் என்று யாராவது வாய் தவறிக் கேட்டால், பொய் சொல்லத் தெரியாத அந்தப் பெண் நேராக என்னைப் பார்ப்பாள், ஐம்பது பேரும் அவள் பார்த்த பக்கம் பார்ப்பார்கள் என்று பயம். சொல்ல மாட்டாளோ என்றும் பயம். இரண்டும் சேர்ந்து வந்தால் அது என்ன பயம் என்று எனக்குப் பெயர் வைக்கத் தெரியவில்லை.

பரிசத்தன்றைக்குப் பெரியண்ணன் வெள்ளைச் சட்டையில் எதிரே உட்கார்ந்திருந்தான். செவந்தி தட்டுக்கு முன்னால் நின்றாள். தலை குனியவில்லை. நான் வெற்றிலையை எடுத்தேன். முதல் தரம் கேட்டேன். வெற்றிலையை மடித்தேன், வாய்க்குக் கொண்டு போகவில்லை, இரண்டாம் தரம் கேட்டேன். அவள் நிமிர்ந்தாள். மூன்றாம் தரத்தை அதோடு சேர்த்தே கேட்டேன். அவள் உதடு பிரிந்தது; பல் நுனி தெரிந்தது; மூச்சு இழுத்தாள். "சம்மதம்!" என்று கத்தினேன். அவளுடைய வார்த்தைக்கும் என்னுடைய வார்த்தைக்கும் நடுவில் ஒரு வெற்றிலைக் காம்பு கிள்ளுகிற நேரம்கூட இல்லை. மூலையில் இருந்த ஒரு பெரியவர், "என்னங்க கவுண்டரே, பஸ்ஸு கண்டக்டர் சேலம் சேலம் சேலம்ங்கற மாதிரிக் கேக்கறீங்க, புள்ள ஏறுனாளான்னு பாக்க வேண்டாமுங்களா?" என்றார். சபையே சிரித்தது. நானும் சிரித்தேன். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். மடித்த வெற்றிலை என் கையிலேயே கசங்கிப் போயிருந்தது.

என் கடமையைச் செய்தேன் என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். வாக்கைக் காப்பாற்றினேனாம். வாக்கைக் காப்பாற்றுகிறவன் வழக்கத்தையும் காப்பாற்ற வேண்டும் அல்லவா? அவளைக் கட்டிக்கொள்ளாதது தப்பு என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அவள் பேச வேண்டிய நேரத்தை நான் எடுத்துக்கொண்டதுதான் தப்பு. அவளை ஆசைப்பட்ட ஆளும் நான், அவளைக் கேட்க வேண்டிய ஆளும் நான். அன்றைக்குக் காலையிலேயே, "எனக்கு ஒடம்புக்கு முடியல, பக்கத்து ஊர்க் கவுண்டரக் கூப்புடுங்க" என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். எத்தனையோ வேண்டாத பொய் சொன்ன வாய், வேண்டிய ஒரு பொய்யைச் சொல்லவில்லை.

பிறகு உன் அம்மாவைக் கட்டினேன், நீ பிறந்தாய், நீ பள்ளிக்கூடம் போனாய். பதினைந்து வருஷம் போயிருக்கும். ஒரு நாள் ஏற்காடு பஸ் ஸ்டாண்டில், ஆரஞ்சுக் கூடையை ஜீப்பில் ஏற்றி விட்டுவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பெரியண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். தலை பாதி நரைத்துவிட்டது. டீ வந்ததும் பாதியைக் குடித்தான். பிறகு, "உங்கள ஒண்ணு கேக்கோணுமுங்க கவுண்டரே. அன்னிக்கு மூணாவது தரம் கேட்டப்ப அவ வாயத் தொறந்தா. நான் எதுத்தாப்புல இருந்து பார்த்தேன். நீங்க பக்கத்துல இருந்தீங்க. என்னங்க சொல்ல வந்தா?" என்றான்.

"அவளையே கேக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"கேட்டனுங்க. கவுண்டரைக் கேளுங்கன்னு சொல்லிட்டா." டம்ளரையே பார்த்துக்கொண்டு பேசினான். "ஒரு கொறை சொல்ல முடியாதுங்க. எங்கம்மாளுக்கு மக மாதிரி, புள்ளைங்களுக்கு உசுரு. எங்கிட்ட ஒரு நாளு கோவிச்சுக்கிட்டதில்ல, ஒரு நாளு இது வேணும்னு கேட்டதில்ல. பதினஞ்சு வருசமா எனக்கு மட்டும் விருந்தாளி மாதிரி இருக்கறா. அன்னிக்கு அந்த வார்த்தையச் சொல்லியிருந்தா, என்னவா வேணா இருக்கட்டுமுங்க, எனக்கு இவ்வளவு நாளு யோசன இருந்திருக்காது."

ஒரு மனுஷன் வெட்கத்தை விட்டு இப்படி வந்து கேட்கும்போது என்ன செய்ய வேண்டும்? நான் அவளுக்குப் பேச நேரம் விடவில்லை தம்பி, தப்பு என்னுடையது, அவளிடம் போய்ச் சொல், அவள் சொல்வதைப் பொறுமையாகக் கேள் என்று சொல்லியிருக்கலாம். "தும்மல் வந்திருக்கும் தம்பி, அன்னிக்குச் செம குளிரு" என்றேன். அவன் மரியாதைக்குச் சிரித்தான். "இருக்குமுங்க" என்று மீதி டீயைக் குடித்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். நான் வாழ்க்கையில் அடித்த கிண்டலில் அதுதான் மோசமானது. பலாக்கொட்டையில் தொடங்கிய பேச்சை அப்படிக் கொண்டு வந்து நிறுத்தினேன். அதற்கப்புறம் பல வருஷம் கழித்து ஒரு திருவிழாவில் செவந்தியைப் பார்த்தேன். "நல்லாருக்கீங்களா கவுண்டரே" என்றாள். அந்தக் கவுண்டரேயில் பழைய கேலி துளிகூட இல்லை. ஊரில் எல்லாரும் சொல்கிற மாதிரியே சொல்லிவிட்டுப் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

இந்த இடத்தில் உன் அம்மா நிமிர்ந்து, "ஏனுங்க, அந்தப் புள்ள சம்மதம்னே சொல்ல வந்திருந்தா?" என்று கேட்கிறாள். இதையும் எழுது என்று சொல்லியிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை கண்ணு. அந்தத் திறந்த வாய்க்குள் என் பெயர்தான் இருந்தது என்று நானாக வைத்துக்கொண்டு, அதற்காகவே இவ்வளவு நாள் வருத்தமும் பட்டிருக்கிறேன். களத்தில் நான் இளித்த இளிப்பைப் பார்த்த பிறகு, போடா என்று மனசை மாற்றிக்கொண்டு, தன் வாயாலேயே சம்மதம் என்று சொல்லிவிட்டுத் தலை நிமிர்ந்து போக நினைத்திருக்கலாம். அதையும்தான் நான் பிடுங்கிக்கொண்டேன். சம்மதத்தை அவள் சொல்லியிருந்தால் பெரியண்ணனுக்கு ஒரு பெண்டாட்டி கிடைத்திருப்பாள்.

அதனால் சொல்கிறேன் சாமி. வருகிற ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டுவிட்டு நேராக மல்லிகா வீட்டுக்குப் போ. போனில் கேட்காதே. அவளுடைய அண்ணன், சித்தப்பன், போட்டோக்காரன் யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. வேண்டுமானால் அவள் தங்கச்சி கொஞ்சம் தள்ளி இருக்கட்டும். பத்திரிகை அடித்தாகிவிட்டது, மண்டபம் பேசியாகிவிட்டது என்று ஆரம்பிக்காதே. அது கேட்பது ஆகாது, கையைக் கட்டிப்போடுவது. அன்னிக்கு நீ என்னவோ சொல்ல வந்தியாமே, என்ன அது என்று மட்டும் கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நில். உனக்கும் என் வாய்தான் வந்திருக்கிறது. சும்மா இருக்க முடியாமல் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்ப்பாய். வேண்டாம். எவ்வளவு நேரமானாலும் நில். தும்மல் என்று அவளே சொன்னால் இரண்டு பேரும் சிரித்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் வீட்டுக்கு வந்து என்னிடம் சொல். வாக்கை உடைத்த பெயர் உனக்கும் வேண்டாம், அவளுக்கும் வேண்டாம். நான் போய் அவர்கள் சபையில் நின்று, முறை தப்பிக் கேட்டதைப் பார்த்தும் சும்மா இருந்தவன் நான்தான் என்று சொல்லி அபராதத்தைக் கட்டிவிட்டு வருகிறேன். அடித்த பத்திரிகை அடுப்புப் பற்ற வைக்க ஆகும். நாளைக்கு இந்தத் தலைப்பாகை உன் தலைக்கு வரும். எத்தனையோ பெண்பிள்ளைகளை நீ கேட்க வேண்டி வரும். முதலில் உன்னுடையவளைக் கேட்டுப் பழகு.

இவ்வளவும் சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் நான் மறுபடியும் திருடன்தான். எனக்குப் பரிசம் போட்டபோது உன் அம்மாவின் ஊர்க்கவுண்டர் எல்லாவற்றையும் முறைப்படி செய்தார். ஒவ்வொரு வெற்றிலையையும் மாடு அசை போடுவதுபோல நிதானமாக மென்றார். அவ்வளவு நேரமும் நான் என் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் நினைப்பு மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. மூன்று வெற்றிலை நேரம் அவள் என் எதிரே நின்றாள். அவள் முகம் எப்படி இருந்தது, உதடு பிரிந்ததா, அழுதாளா, என்னைப் பார்த்தாளா, ஒன்றும் எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகும் ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை. கேலி பேசியே காலத்தை ஓட்டிவிட்டேன். உன் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டாள். "எழுது புள்ள, இதயும் எழுது" என்கிறேன். "எழுதிக்கிட்டுத்தானுங்க இருக்கறேன்" என்கிறாள். அவள் எழுதிக்கொண்டிருக்கும்போதே கேட்கிறேன், நீயும் சாட்சியாக இரு. ஏ புள்ள, அன்னிக்கு உனக்குச் சம்மதமா இருந்துச்சா?

இது என் கையெழுத்து கண்ணு. தட்டுத் தடுமாறித்தான் வரும், பொறுத்துக்க. உங்கம்மா மேல இருக்கற கேள்வி வரைக்கும் எழுதுனா. கேள்விக்குறிகூடப் போட்டா. அப்பறம் பேனாவ மூடி, காயிதத்து மேல வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அடுப்புல ஒண்ணும் இல்ல. மாடும் கத்தல. யாரும் கூப்புடவும் இல்ல. எனக்கு வாயி வரைக்கும் ஒரு கிண்டல் வந்துச்சு, சொன்னா திரும்பிப் பார்த்துச் சிரிச்சிருப்பா. சொல்லல. மொளகுக் கொடியத் தாண்டிப் போறா, கையில கூடையுமில்ல, அருவாளுமில்ல. ஒனக்கு இன்னும் சொல்ல வேண்டியது ஒண்ணு இருந்துச்சு சாமி, கல்யாணத்தப் பத்தி நொம்ப முக்கியமானது. உங்கம்மா இப்ப ஓடைப் பக்கமா எறங்கறா, சேலை மட்டும் தெரியுது, நான் பின்னாலயே போயி